பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

பெங்களூரில் வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் அது எப்படியும் கென்னத் ஆண்டர்சனிடம் போய் நிற்கும். 1910இல் பிறந்து 1974இல் இந்த ஊரிலேயே மறைந்தவர். ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்தபோது அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போனதும் அதே ரகம்தான். ஆண்டர்சனின் புத்தகங்களைப் படித்து வளர்ந்த எனக்கு அந்தத் துப்பாக்கிமேல் இன்றும் மோகம் உண்டு. ஆனாலும் காட்டுப்பன்றிக்கு எது சரி என்று யாராவது கேட்டால் அதைச் சொல்ல மாட்டேன்.

காரணம் இடம். ஆண்டர்சனுக்கு முன்னால் விரிந்து கிடந்தது காடு. இன்று ஆனேக்கல், கனகபுரா, தளிப் பக்கங்களில் பன்றி இறங்குவது ராகிக் கொல்லையிலும் நிலக்கடலைக் காட்டிலும். நூறு அடி தாண்டினால் மாட்டுக் கொட்டகை, அதற்கடுத்து ஒரு பண்ணை வீடு, அதையும் தாண்டினால் இரவெல்லாம் வண்டி ஓடும் சாலை.

வேட்டை என்று சொல்வதே இங்கே சரியில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பொழுதுபோக்குக்காக எவரும் பன்றியைச் சுட முடியாது. உயிருக்கோ விளைந்து நிற்கும் பயிருக்கோ ஆபத்து என்றால் உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். கேரளம் 2022இல் அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில், காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று முடிவெடுத்தது. குடகில் கொடவர்களுக்குத் துப்பாக்கி உரிமம் எடுப்பதிலிருந்துதான் விலக்கு, வனச்சட்டத்திலிருந்து அல்ல.

சட்டப்படி கிடைக்கும் துப்பாக்கிகளும் சிலவே. ராணுவம் பயன்படுத்தும் குழலளவு சாதாரண மக்களுக்குக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்து விதி. .303 இன்றும் தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. அந்தத் தடைக்கு மாற்றாகப் பரவியதுதான் .315. வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315 ரைஃபிளைப் பழைய உரிமக்காரர்கள் பலர் வீட்டில் பார்க்கலாம். .30-06 அமெரிக்க ராணுவத்துக்காக 1906இல் வந்தது. நம் ராணுவத்தின் அளவு அது இல்லையென்பதால் இங்கே உரிமம் உண்டு. இவற்றோடு விவசாயிகளிடம் அதிகம் புழங்கும் 12 போர் இரட்டைக்குழல்.

பன்றியைக் கொல்ல .315 தாராளமாகப் போதும். சிக்கல் அதன் உடலமைப்பில் இருக்கிறது. முதுகு மயிர் சிலிர்த்து நிற்பதால் இருட்டில் அது இருப்பதைவிட உயரமாகத் தெரியும். இதயமோ முன்னங்காலை ஒட்டி, நெஞ்சின் அடிப்பகுதியில் இருக்கிறது. உடம்பின் நடுவைக் குறிவைத்தவன் குண்டு குடலைக் கிழிக்கும்; பன்றி ஓடிப்போய் இரண்டு நாள் கிடந்து சாகும். கிழட்டு ஆணுக்குத் தோள்பட்டைத் தோலுக்கடியில் கேடயம்போல் தடித்த திசு உண்டு. சிறு ரவைகள் அதிலேயே நின்றுவிடும். எல்ஜி என்ற பெரிய ரவையும் முப்பது கஜம் தாண்டினால் சிதறி, கொல்லாமல் காயப்படுத்தும். காயம்பட்ட பன்றி மறுநாள் காலையில் தண்ணீர் பாய்ச்ச வருகிறவன் தொடையைக் கிழிக்கும்.

தளிப் பக்கம் உரிமத்தோடு இரட்டைக்குழல் வைத்திருந்த என் மாமா, பரணில் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றுதான் சொல்லுவார்: "பன்னியப் பாக்காதடா, அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாரு." ரைஃபிள் குண்டு குறி தப்பினால், அல்லது பன்றியைத் துளைத்து வெளியேறினால், இரண்டு கிலோமீட்டருக்கு மேலும் போகும். கொட்டகைத் தகரத்தையும் துளைக்கும், உள்ளே தூங்குகிறவரையும் துளைக்கும். பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் அது மண்ணில் புதையும். சமதரையில் நின்று சுடுவது அப்படியில்லை.

ஆகவே என் முடிவு இது. கொல்லைகளும் வீடுகளும் கலந்து கிடக்கும் பெங்களூர்ச் சுற்றுப்புறத்தில் 12 போர், அதில் ஒற்றைக் குண்டுத் தோட்டா, பரண், முப்பது கஜத்துக்குள் பன்றி. பின்னால் மேடோ மலைச்சரிவோ குண்டைத் தாங்கும் இடத்தில் மட்டும் .315. பெரிய குழலளவைத் தேடி அலைவதைவிட, கையிலிருக்கும் துப்பாக்கி ஐம்பது கஜத்தில் எங்கே அடிக்கிறது என்று பகலில் அட்டையில் சுட்டுப் பார்ப்பது மேல்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. அனுமதி கிடைக்கத் தாமதமாகும் ஊர்களில் கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காயும் சுருக்குக் கம்பியும் திருட்டு மின்வேலியும் வந்துவிடுகின்றன. பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயில் யானை வாய் சிதைந்து பட்டினியில் சாகிறது, சுருக்கில் சிறுத்தை மாட்டுகிறது, மின்வேலியில் விவசாயியே விழுகிறார். அனுமதி மனு கையில் வந்ததும் வனத்துறை அன்றே ஆள் அனுப்பட்டும். வருகிறவர் குறிபார்க்கத் தெரிந்தவராகவும், பின்னால் வீடு தெரிந்தால் விசையிலிருந்து விரலை எடுக்கத் தெரிந்தவராகவும் இருக்கட்டும்.