மஞ்சள் திட்டு

கொஞ்சம் நீளமான இழை. பொறுமை இருந்தா வாசிங்க. பாதிக்கு மேலதான் மருத்துவம் வரும். முன்பாதி எங்க ஊர்க் கதை.

எனக்குக் கோவில்பட்டி. கடலை மிட்டாய்னு சொன்னா உங்களுக்குப் புரிஞ்சுடும். 2020-ல அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. ஆனா எங்க காலத்துல ஊருக்குச் சோறு போட்டது தீப்பெட்டி ஆபீஸ். வகுப்புல பாதிப் பேர் வீட்ல அம்மாவோ அக்காவோ கட்டை அடுக்கப் போவாங்க. சுத்துப்பட்டி கிராமங்கள்ல விடியுறதுக்கு முன்னாடியே பஸ் வந்து பிள்ளைங்களையும் சேர்த்து ஏத்திட்டுப் போகும். ஏழாம் வகுப்பு வரைக்கும் என்னைவிட ஒரு ரேங்க் முன்னாடியே நின்ன ஒரு பொண்ணு, ஒரு ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்தப்ப வரல. ஏன்னு யாரும் கேட்கல. தெரிஞ்ச விஷயத்தை என்ன கேட்கிறது? அந்த வருஷம் நான் முதல் ரேங்க். வீட்ல கேசரி கிண்டினாங்க.

2016-ல எங்க பத்தாம் வகுப்பு செட்டுக்கு (1995) வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. உங்க குரூப் மாதிரிதான். காலையில ரோஜாப்பூவோட குட் மார்னிங், ராத்திரி அரசியல் சண்டை, நடுவுல பிள்ளைங்க மார்க் ஷீட். ஆனா சேதிகளும் வரும். மட்டையைத் தூக்கிக்கிட்டு மைதானமே கதின்னு கிடந்த ஹாக்கி பயல் இப்ப ரயில்வேயில இருக்கான், அவன் பையன் ஊர் ஹாக்கி மைதானத்துல விளையாடுறான். கணக்கு சாருக்குப் பார்வை போயிடுச்சு, சுகர். குரல்ல இன்னும் அதே மிரட்டல். கட்டை அடுக்கப் போன அந்தப் பொண்ணையும் யாரோ தேடிப் பிடிச்சுச் சேர்த்தாங்க. மகள் நர்சிங் முடிச்சுட்டான்னு அவ போட்ட போட்டோவுக்குக் கீழ எல்லாரும் கைதட்டினாங்க. நானும் தட்டினேன். அந்தக் கேசரி ஞாபகம் வந்தது.

நான் சொல்ல வந்தது டீக்கடைக்காரர் மகனைப் பத்தி.

ஆறாம் வகுப்புல இருந்து என் பக்கத்து இடம் அவன். பள்ளிக்கூடத்துக்கு எதிர்லயே அவங்க அப்பா கடை. இன்டர்வெல்ல போனா ஓசியில ஆளுக்கு ஒரு வருக்கி கிடைக்கும். அவருக்கு ரெண்டு கண்ணுலயும் மூக்குப் பக்கத்து இமை ஓரத்துல மஞ்சளா, லேசாத் தடிச்ச திட்டு இருக்கும். பயலுக நாங்க அவருக்கு "மஞ்சக்கண்ணு"னு பேர் வெச்சிருந்தோம். அவனுக்குத் தெரியும். கோவிச்சுக்க மாட்டான்.

ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் காலை பிரேயர் நடந்துக்கிட்டு இருக்கு, எதிர்ல கடையில கூட்டம். பால் பாத்திரத்தோட அப்படியே சாஞ்சுட்டாரு. வயசு 47. மாரடைப்புன்னாங்க. எங்க வகுப்புக்கு மதியம் லீவு விட்டாங்க. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், லீவு கிடைச்சதுல எங்களுக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான். அவன் பத்தாவது முடிச்சதும் அதே கடையில டீ ஆத்த நின்னுட்டான். நான் பன்னிரண்டாவது, நுழைவுத்தேர்வு, எம்.பி.பி.எஸ்.னு போயிட்டேன்.

2022 அக்டோபர். நான் இப்ப இருக்கிற ஊர்ல சாயங்கால ஓ.பி. கூட்டம். ராத்திரி 9 மணிக்கு மேல வீட்டுக்கு வந்து போனைப் பார்க்கிறேன். 7:12-க்கு அவன்கிட்ட இருந்து 19 விநாடி வாய்ஸ் மெசேஜ்.

"ஏலே டாக்டரு, நெஞ்சுல ஒரு மாதிரி கரிக்கு. வேர்த்து ஊத்துது. மத்தியானம் தின்ன புரோட்டா சேரல போல. கேஸுக்கு ஒரு மாத்திரை சொல்லு, பய மெடிக்கல்ல வாங்கிட்டு வருவான்."

உடனே கூப்பிட்டேன். எடுக்கல. மறுபடி. எடுக்கல. பத்து மணிக்குள்ள குரூப்லயே சேதி வந்துடுச்சு. ஓமத்தண்ணி குடிச்சுட்டு, சோடா குடிச்சுட்டுப் படுத்திருக்கான். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல கொண்டு போறப்பவே இல்லை. வயசு 43.

அந்த மெசேஜைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லல. என் மனைவிகிட்ட கூட. சாவுக்குப் போனேன், மாலை போட்டேன், கிளம்பி வந்துட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு ராத்திரி அவன் புரொஃபைல் போட்டோவை எடுத்துப் பெருசாக்கிப் பார்த்தேன். ரெண்டு கண்ணு ஓரத்துலயும் அதே மஞ்சள் திட்டு. ஆறு வருஷமா தினமும் அந்த மூஞ்சி குட் மார்னிங் சொல்லியிருக்கு. என் ஓ.பி.க்கு அந்தத் திட்டோட யார் வந்தாலும் அடுத்த வரி கொழுப்பு டெஸ்ட் எழுதுவேன். கூட்டாளி மூஞ்சியை டாக்டரா பார்க்கத் தோணல.

இங்கதான் மருத்துவம்.

இமை ஓரத்துல வர்ற அந்த மஞ்சள் திட்டு தோலுக்கு அடியில படியுற கொழுப்பு. அது இருக்கிறவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தக் கொழுப்பு சரியாத்தான் இருக்கும். அதனால கண்ணாடியைப் பார்த்துப் பதற வேண்டாம். டெஸ்ட் எடுங்க, போதும். ஆனா குடும்பத்துல ஆண்கள் 55 வயசுக்குள்ள, பெண்கள் 65 வயசுக்குள்ள மாரடைப்பால பாதிக்கப்பட்டிருந்தா அந்த வீட்டு எல்லாருமே கொழுப்பு பார்க்கணும். ஒல்லியா இருந்தாலும், சைவமா இருந்தாலும். பிறவியிலேயே எல்.டி.எல். ஏறி இருக்கிற ஒரு மரபுக் கோளாறு உண்டு. சுமார் 250 பேர்ல ஒருத்தருக்கு இருக்கு. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. எண்ணெயைக் குறைச்சா மட்டும் இறங்காது. மாத்திரை வேணும், சின்ன வயசுல இருந்தே வேணும்.

அப்புறம், நெஞ்சு கரிக்குது, கூடவே வேர்க்குதுன்னா அதை கேஸ்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. கை, தாடை, முதுகுல வலி பரவினாலும் அதேதான். டாக்டர் சொந்தக்காரனுக்கு வாட்ஸ்அப் போடாதீங்க. அவன் குளிச்சுட்டு இருப்பான், வண்டி ஓட்டிட்டு இருப்பான், என்னை மாதிரி ஓ.பி.யில இருப்பான். 108-க்குக் கூப்பிடுங்க. ஈ.சி.ஜி. எடுக்கிற இடத்துக்குப் போங்க. முதல் ஈ.சி.ஜி. நார்மல்னு வந்தாலும் வலி நிக்கலேன்னா எந்திரிச்சு வந்துடாதீங்க, மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்க.

இவ்வளவும் தெரிஞ்ச நான் அவன் வீட்டுக்குப் போக ரெண்டு வருஷம் ஆச்சு. அவனுக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு. அவங்களுக்கு டெஸ்ட் எடுக்கணும்னு தெரியும். போனா அந்த மெசேஜைப் பத்திச் சொல்லணும். அதான் தள்ளிப் போட்டேன். வேற காரணம் கிடையாது.

போன வருஷம் போனேன். அவன் அம்மா திண்ணையில உக்காந்திருந்தாங்க. "வாய்யா, இப்பத்தான் வழி தெரிஞ்சதா"ன்னாங்க. புருஷனையும் மகனையும் ஒரே நோவுக்குக் கொடுத்த மனுஷி. பையன் பிளஸ் டூ, கடையையும் பார்த்துக்கிறான். அப்பன் மாதிரியே ஒல்லி.

அவன் மனைவி காபி கொண்டு வந்து வெச்சுட்டு, நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே கேட்டுட்டாங்க. "அண்ணே, அன்னைக்கு உங்களுக்கு ஏதோ அனுப்பினாங்களே, பார்த்தீங்களா?"

சொன்னேன். எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் பார்த்தேன், எல்லாத்தையும். திட்டுவாங்கன்னு இருந்தேன். அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அது இன்னும் உங்ககிட்ட இருக்காண்ணே? அவங்க போன் கெட்டுப் போச்சு. குரலே எங்ககிட்ட இல்ல"ன்னாங்க.

போட்டேன். 19 விநாடி. "ஏலே டாக்டரு"ன்னதும் அம்மா திண்ணையில இருந்து எந்திரிச்சு உள்ள வந்துட்டாங்க. மறுபடி போடச் சொன்னாங்க. மூணாவது தடவை போடும்போது பையன் வெளிய போயிட்டான். "பய மெடிக்கல்ல வாங்கிட்டு வருவான்"னு அதுல வர்ற பய அவன்தான். அப்ப அவனுக்கு 15.

மறுநாள் காலையில ரெண்டு பிள்ளைங்களுக்கும் ரத்தம் எடுத்தோம். பொண்ணுக்கு 92, நார்மல். பையனுக்கு எல்.டி.எல். 214. சாத்தூர்ல இருக்கிற அவன் அத்தையையும் கூப்பிட்டு எடுத்தோம், 198. வருஷக்கணக்கா அவங்க புருவப் பென்சிலோட அந்த மஞ்சள் திட்டுக்கும் பவுடர் போட்டு மறைச்சுட்டு இருந்திருக்காங்க.

ரெண்டு பேருக்கும் இதய மருத்துவர்கிட்ட காட்டி மாத்திரை ஆரம்பிச்சாச்சு. எக்கோ நல்லா இருக்கு. மூணு மாசம் கழிச்சுப் பையனுக்கு 131 வந்தது. இன்னும் இறங்கணும், டோஸ் கூட்டியிருக்கோம்.

ராத்திரி கடை அடைச்சதும் எனக்கு மெசேஜ் போடுவான். "மாத்திரை போட்டாச்சு மாமா." நேத்து வரல. பத்தரைக்கு நான் கூப்பிட்டேன். முதல் ரிங்லயே எடுத்தான். போன்ல சார்ஜ் இல்லாமப் போச்சாம்.