ஐந்தாவது ஆள்

ஆட்டபாட்டங்களில் நமக்கு ஒரு நாளும் தேர்ச்சி இருந்ததில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். பள்ளிப் பிராயத்தில் தோழர்கள் கிரிக்கெட் ஆடும்போது, நம்மை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, அவர்களுடைய சட்டைகளுக்குக் காவல் இருக்கும் உத்தியோகத்தைக் கொடுத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நாம் அமெரிக்கர்களுடைய பேஸ்பால் ஆட்டத்தைப்பற்றி எழுதத் துணிந்ததற்கு, 2023-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி நேர்ந்த ஒரு மரணமே காரணம். பாஸ்டன் நகரத்து ரெட் ஸாக்ஸ் அணிக்குப் பதினேழு வருஷம் பந்தெறிந்த டிம் வேக்ஃபீல்ட் அன்று தமது 57-ஆவது வயதில் காலமானார். செய்தியைப் படித்ததும், ஒரு சமையலறையும் அதன் சுவரில் தொங்கிய ஒரு காலண்டரும் நம் கண்முன் வந்து நின்றன.

2003-ஆம் வருஷம் செப்டம்பர் முதல் ஏறக்குறைய இரண்டு வருஷம், மேற்படிப்பின் பொருட்டு நாம் பாஸ்டனில் வாசம் செய்தோம். நாம் வாடகைக்கு இருந்த மாடி அறைக்கு நேர் கீழே வீட்டுக்காரரின் சமையலறை. அவர் டிராம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய தமக்கையார், ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்குமேல் நர்ஸாக ஊழியம் செய்தவர். அண்டை வீட்டிலிருந்து ஒரு கணக்கர், இராச் சாப்பாடு முடிந்ததும் தவறாமல் வந்து சேருவார். மூவரும் கூடிவிட்டால் பேச்சு ஒன்றே ஒன்றுதான். நாளைக்கு யார் பந்தெறிவது? யாரை எத்தனையாவதாக மட்டை பிடிக்க அனுப்புவது? மந்திரிசபை அமைப்பதற்குக்கூட அவ்வளவு ஆலோசனை நடக்குமா என்பது சந்தேகம். இத்தனைக்கும் அவர்கள் அபிப்பிராயத்தை அணியின் மானேஜர் ஒரு நாளும் கேட்டதில்லை!

கிரிக்கெட் அறிந்த நேயர்களுக்காக இங்கே சில வார்த்தைகள் சொல்லவேண்டும். பேஸ்பாலில் ஓவர் என்பது கிடையாது. ஒரே ஆள் ஒரு சிறு மேட்டின்மீது நின்று, தம்மை மாற்றும் வரையில் எறிந்துகொண்டே இருக்கவேண்டும். ஒரு தடவை மாற்றப்பட்டவர் அந்த ஆட்டத்தில் மறுபடியும் எறிய வரலாகாது. பந்து தரையில் பட்டு எழும்புவதில்லை. மணிக்குத் தொண்ணூறு மைல் வேகத்தில் நேராகவே மட்டைக்காரரை நோக்கி வருகிறது. அவ்விதம் நூறு தடவை எறிந்தால் தோளும் முழங்கையும் என்ன பாடுபடும்! ஆகவே ஓர் ஆட்டம் எறிந்தவருக்குப் பொதுவாக நாலு நாள் ஓய்வு உண்டு. ஆனால் ஆட்டமோ ஏப்ரல் முதல் இலையுதிர் காலம் வரையில் அநேகமாகத் தினந்தோறும் நடக்கிறது. மொத்தம் 162 ஆட்டங்கள். எனவே ஐந்து பேர் முறை வைத்துக்கொண்டு எறிகிறார்கள். மட்டை பிடிப்பவர் ஒன்பது பேர். அவர்களுடைய வரிசையை ஆட்டம் துவங்குமுன் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒன்பதாமவர் முடித்ததும் மறுபடி முதலாமவர் வருவார்.

நாம் போய்ச் சேர்ந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. 2003-ஆம் வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி இரவு, பரம வைரிகளான நியூயார்க் யாங்கீஸ் அணியோடு ஏழாவதும் கடைசியுமான ஆட்டம். எட்டாவது சுற்றில் பாஸ்டன் ஐந்து, நியூயார்க் இரண்டு. எறிந்துகொண்டிருந்தவர் பெட்ரோ மார்ட்டினெஸ். அந்தக் காலத்தில் அவருக்கு இணையானவர் வெகு சிலரே. ஆனால் நூறு பந்துகளைத் தாண்டினால் அவருடைய வலிமை குன்றிவிடும் என்பதைக் கணக்கர் பல நாளாகச் சொல்லி வந்தார். பந்துகள் அடிபடத் துவங்கின. மானேஜர் கிரேடி லிட்டில் மேட்டுக்கு நடந்து போனார். மார்ட்டினெஸிடம் ஏதோ கேட்டார். அவரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். சிறிது நேரத்தில் ஆட்டம் ஐந்துக்கு ஐந்து என்று சமமாயிற்று. பதினோராவது சுற்றில் வேக்ஃபீல்ட் எறிந்த முதல் பந்தையே ஏரன் பூன் என்பவர் வேலிக்கு அப்பால் அடித்துவிட்டார். அத்துடன் தீர்ந்தது. அந்தத் தொடரில் ஏற்கெனவே இரண்டு ஆட்டங்களை வென்று கொடுத்த வேக்ஃபீல்ட், தலை குனிந்தவாறே மைதானத்தை விட்டு வெளியேறினார்.

சமையலறையில் வெகு நேரம் மௌனம். கடைசியில் வீட்டுக்காரர், “அவன் மேல் என்ன தப்பு? முடியுமா என்று கேட்டார். முடியும் என்றான். அப்புறம் எப்படி மாற்றுவது?” என்றார்.

தமக்கையார் சொன்ன பதில் நமக்கு இன்றும் மறக்கவில்லை. “கேட்டதுதான் தப்பு, தம்பி. இராத்திரி முழுவதும் நின்றவளைப் பார்த்து, இன்னொரு வார்டையும் கவனித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டால் என்ன சொல்லுவாள்? முடியும் என்றுதான் சொல்லுவாள். எவ்வளவுக்கு நல்லவளோ அவ்வளவுக்கு நிச்சயமாகச் சொல்லுவாள். கேட்கிறவர்களுக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்!”

லிட்டிலின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மறு வருஷம் வசந்த காலத்தில் புது மானேஜருடன் ஆட்டங்கள் ஆரம்பமாயின. அம்மாளின் காலண்டரும் அப்போதுதான் நம் கவனத்துக்கு வந்தது. ஒவ்வொரு தேதிக்குள்ளும் ஓரெழுத்துப் பெயர்கள். நம் எழுத்தில் எழுதினால் ஷி, மா, லோ, வே, அ என்று வரும். மருந்து உட்கொள்ளும் வேளைகள் போலும் என்று எண்ணி, உடம்புக்கு என்ன என்று விசாரித்தே விட்டோம். மூவரும் சிரித்த சிரிப்பில் நம் முகம் சிவந்து போயிற்று. ஷில்லிங், மார்ட்டினெஸ், லோ, வேக்ஃபீல்ட், அரோயோ என்னும் ஐவரின் முறை அது. மழையால் ஆட்டம் நின்றால், அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரப்பரால் அழித்து, எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளி எழுதுவார். அவ்வருஷத்து 162 ஆட்டங்களில் 157 ஆட்டங்களை இந்த ஐவரே துவக்கினார்கள் என்பது ஓர் அபூர்வமான விஷயம். ஒருவருக்குத் தோளோ முழங்கையோ கெட்டு முறை குலைவதே உலக வழக்கம்.

சச்சரவுக்கு மட்டும் குறைவில்லை. முக்கியமான வியாஜ்யம் டெரக் லோவைப் பற்றியது. அவர் 14 ஆட்டங்களில் ஜயித்தார், 12-இல் தோற்றார். ஒன்பது சுற்றுக்குச் சராசரி 5.42 ஓட்டங்கள் வீதம் கொடுத்தார். கணக்கர் அந்தப் புள்ளியைச் சிவப்பு மையினால் எழுதிக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார். வீட்டுக்காரரும் லோவின் பெயரைக் கேட்டாலே காபிக் கோப்பையை நகர்த்திவிடுவார். இரண்டாவது வியாஜ்யம் மட்டை வரிசை. 2003-இல் அந்த லீகிலேயே மட்டைச் சராசரியில் முதல்வராக வந்த பில் மியூலரைப் பல ஆட்டங்களில் எட்டாவதாக அனுப்பினார்கள். “முதல்வனை எட்டாவதாக வைப்பது எந்த ஊர்க் கணக்கு?” என்பார் கணக்கர். “டிராம் வண்டிக்கு முன் சக்கரம் மட்டும் போதுமா, ஐயா?” என்பார் வீட்டுக்காரர்.

அக்டோபர் மாதத்துப் பந்தயங்களில் இடையிடையே ஓய்வு நாள் உண்டாகையால் நாலு பேர் முறையே போதும். ஐந்தாவது ஆளாக லோ ஒதுக்கப்பட்டார். கணக்கர் மகிழ்ந்தார். அம்மாள் மட்டும், காலண்டரின் ஓரத்தில் பென்ஸிலால் ‘லோ’ என்று சிறியதாக எழுதி வைத்தார். காரணம் கேட்டோம். “டாக்டரைக் கூப்பிடாத நாளிலும் அவர் விலாசம் வீட்டில் இருக்கவேண்டும்” என்றார்.

மறுபடியும் யாங்கீஸ். முதல் ஆட்டத்தில் கணுக்கால் காயத்துடன் ஷில்லிங் தோற்றார். இரண்டாவதில் மார்ட்டினெஸ் தோற்றார். அக்டோபர் 16-ஆம் தேதி, அதாவது சென்ற வருஷத்துத் துக்கத்தின் சரியான ஆண்டு நிறைவு நாளில், மூன்றாவது ஆட்டம் 19-க்கு 8 என்ற கணக்கில் படுதோல்வி. பேஸ்பால் சரித்திரத்தில், முதல் மூன்றையும் இழந்த அணி எதுவும் அதற்கு முன்னால் ஏழு ஆட்டத் தொடரை ஜயித்தது கிடையாது.

ஆனால் அந்தப் படுதோல்வியின் நடுவேதான் நாம் சொல்ல வந்த காரியம் நடந்தது. மறுநாள் ஆட்டத்தைத் துவக்கவேண்டிய முறை வேக்ஃபீல்டுடையது. அவர் தாமாகவே முன்வந்து, தோற்கப்போகும் அந்த ஆட்டத்தில் மூன்று சுற்றுக்கு மேல் எறிந்தார். மற்றவர்களுடைய கைகள் மறுநாளைக்கு மிச்சமாகட்டும் என்பதே நோக்கம். தமக்குரிய மறுநாள் முறையை அதன்மூலம் இழந்தார். காலியான அந்த இடத்துக்கு யாரை அழைப்பது? ஒதுக்கப்பட்ட ஐந்தாவது ஆளைத்தான்! அம்மாள் எழுந்து போய், ஓரத்தில் இருந்த பென்ஸில் எழுத்தைத் தேதிக்குள் மையால் எழுதினார்.

அதற்குப் பின் நடந்தவற்றை நேயர்கள் பலர் அறிந்திருக்கலாம். நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது சுற்றில் பாஸ்டன் ஓர் ஓட்டம் பின்னால் இருந்தது. ஓடுவதற்கென்றே பெஞ்சியில் உட்கார்ந்திருந்த டேவ் ராபர்ட்ஸ் இரண்டாவது தளத்தைத் திருடினார். அவரை வீட்டுக்கு ஓடிவரச் செய்து ஆட்டத்தைச் சமப்படுத்திய அடி, எட்டாவது ஆளான மியூலருடையது! “பின் சக்கரம்! பின் சக்கரம்!” என்று வீட்டுக்காரர் மேஜையைக் குத்தினார். பன்னிரண்டாவது சுற்றில் டேவிட் ஓர்ட்டிஸ் ஆட்டத்தை முடித்துவைத்தார். ஐந்தாவது ஆட்டம் பதினாலு சுற்றுக்கள் நீண்டது. கடைசி மூன்று சுற்றுக்களை வேக்ஃபீல்ட் எறிந்தார். விரல் நுனியால் பற்றி, சுழலாமல் மெல்ல எறியும் அவருடைய பந்து எப்பக்கம் அசையும் என்பது அவருக்கே தெரியாது. பதின்மூன்றாவது சுற்றில் பிடிப்பவரே மூன்று தடவை தவறவிட்டார். நாம் நாற்காலியின் பின்னால் ஒளிந்துகொண்டோம். எனினும் ஓர் ஓட்டமும் கொடாமல் ஜயித்தார். ஏழாவது ஆட்டத்தை, இரண்டே நாள் ஓய்வுடன், லோ எறிந்தார். ஆறு சுற்றுக்களில் அவர் கொடுத்தது ஒரே ஓர் அடி. பாஸ்டன் பத்து, நியூயார்க் மூன்று.

அக்டோபர் 27-ஆம் தேதி, பூர்ண சந்திர கிரகணம் பிடித்திருந்த இரவில், செயின்ட் லூயிஸ் அணியையும் வென்று, 1918-க்குப் பிறகு முதன்முறையாகப் பாஸ்டன் உலகப் பட்டம் பெற்றது. அன்றும் எறிந்தவர் லோதான். ஏழு சுற்றுக்களில் ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. அவ்வருஷத்துத் தொடர்கள் மூன்றிலும் முடிவான ஆட்டத்தின் வெற்றி அவர் பெயரிலேயே பதிவாயிற்று. கணக்கர் தம் சிவப்பு மைக் காகிதத்தைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். புள்ளி பொய்யாகிவிடவில்லை என்பதை மட்டும் கிழித்துக்கொண்டே சொன்னார்.

இவ்வளவையும் கண்ணால் கண்டு, காதால் கேட்டுத் திரும்பிய நாம், பின்னர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு உபாத்தியாயரானோம். அந்தச் சமையலறைப் பாடம் நம் வகுப்பறைக்குள் வந்ததா என்றால், வரவில்லை. 2022-ஆம் வருஷம் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வினாடி வினாப் போட்டி ஒன்றுக்கு ஐந்து பிள்ளைகளைத் தயார் செய்தோம். மேடை ஏற நாலு பேருக்கே இடம். ஐந்தாவது பையனைக் கூப்பிட்டு, “அடுத்த தடவை பார்க்கலாம், அப்பா” என்று ஒரு வாக்கியத்தில் விஷயத்தை முடித்துவிட்டோம். நால்வரில் மிகக் கெட்டிக்காரி ஒரு பெண். அவள் கெட்டிக்காரி என்ற ஒரே காரணத்தால் ஆண்டு விழா நாடகம், வரவேற்புப் பத்திரம், கீழ் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவள் தலையிலேயே விழுந்தன. ஒவ்வொரு தடவையும், “முடியுமா, அம்மா?” என்று நாம் கேட்காமல் இருந்ததில்லை. “முடியும், ஸார்” என்று அவளும் சொல்லாமல் இருந்ததில்லை. போட்டிக்கு முதல் நாள் கடும் ஜுரத்தில் படுத்துவிட்டாள்.

அன்று மாலை ஐந்தாவது பையன் வீட்டுக்கு ஓடினோம். குறிப்பெடுத்த நோட்டுக்களை அவன் பழைய காகிதக்காரனிடம் போட்டுவிட்டிருந்தான். “நான் இல்லையென்று சொல்லிவிட்டீர்களே, ஸார்” என்றான். அவன் குரலில் கோபம் துளியும் இல்லை. கோபித்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் சொன்ன சொல்லுக்கு மரியாதை கொடுத்து வந்து உட்கார்ந்தான். தெரிந்த இரண்டு கேள்விக்கு விடை சொன்னான். தோற்றுத் திரும்பினோம். அப்புறம் சந்தேகம் கேட்பதற்காகவேனும் அவன் நம் அறைப் பக்கம் வந்தது கிடையாது. பள்ளியை முடித்துக்கொண்டு போய்விட்டான். அவனிடம் சொல்லவேண்டிய வார்த்தை இன்னும் நம்மிடமே தங்கியிருக்கிறது.

வேக்ஃபீல்டின் மரணச் செய்தி வந்த மறு வாரம், உபாத்தியாயர்கள் அறையில் நம் மேஜைக்கு மேலே ஒரு காலண்டரைத் தொங்கவிட்டோம். எந்த வேலை எந்தப் பிள்ளைக்கு, அதற்குப் பின் எத்தனை நாள் அந்தப் பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதெல்லாம் அதில் ஓரெழுத்தாக இருக்கின்றன. அணியில் இடம் பெறாத பிள்ளையின் எழுத்து, ஓரத்தில் பென்ஸிலால் எழுதப்பட்டிருக்கும். அது எதற்காக அங்கே இருக்கிறது என்பதையும் அந்தப் பிள்ளையை அழைத்து உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறோம்.

சக உபாத்தியாயர்கள் அதைப் பார்த்துவிட்டு, “என்ன, மருந்து சாப்பிடும் வேளையா?” என்று விசாரிக்கிறார்கள். ஆம் என்று சொல்லிவிடுகிறோம்.