சூடு பண்ணினால் எல்லாம் சரியாகிவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கோடை விடுமுறைக்குச் சேத்தியாத்தோப்பில் எங்கள் வீட்டில் 22 பேர் கூடினோம். சென்னையில் இருக்கும் மகள், "அம்மா இந்தத் தடவையும் அடுப்படியிலேயே நிக்க வேணாம்" என்று சொல்லி, கோழிக் குருமாவையும் பட்டாணிக் குருமாவையும் முன்கூட்டியே செய்து, ஃப்ரீசரில் உறைய வைத்து, ஐஸ் பெட்டியில் எடுத்துவந்தாள்.

மறுநாள் காலையில் உதவி செய்கிறேன் பேர்வழி என்று, கோழிக் குருமா டப்பா அத்தனையையும் ஒரே குண்டானில் கவிழ்த்து, சிறு தீயில் மூடி வைத்தேன். அரை மணி நேரத்தில் ஓரம் கொதித்தது. அடுப்பை அணைத்துவிட்டேன். மகள் வந்து கரண்டியை விட்டுப் பார்த்தாள்.

"என்னப்பா, நடுவுல கல்லாட்டம் இருக்கு?"

"இருக்கட்டும்மா. மதியம் இன்னொரு தடவை சூடு பண்ணிக்கலாம். சூடு பண்ணா எல்லாக் கிருமியும் செத்துடும்."

சொல்லி முடித்ததும் எனக்கே திக்கென்றது. இதே வார்த்தையை நான் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

2015 நவம்பர். தீபாவளிக்கு முந்தின நாள் கடலூர் மாவட்டத்தையே புரட்டிப் போட்ட மழை நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தில் ஜனங்களைத் தங்க வைத்திருந்தார்கள். மேற்பார்வைக்கு நின்றவர்களில் நானும் ஒருவன். ஒருநாள் மதியம் யாரோ நல்லவர்கள் டிராக்டரில் பெரிய அண்டா நிறையச் சாம்பார் சாதம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாதி மிஞ்சியது. மூடி வைத்தோம். கரண்ட் இல்லை. மறுநாள் காலை, சமைக்க வந்த சத்துணவு ஆயா அண்டாவைத் திறந்து கையை வைத்துப் பார்த்தார்.

"சார், இது வேணாம் சார். ராத்திரி பூரா மூடியே கெடந்திருக்கு. அடி இன்னும் வெதுவெதுன்னு இருக்கு. கொட்டிடலாம்."

வெளியே பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். "இத்தனை சோத்தையா கொட்டுவாங்க? நல்லாச் சூடு பண்ணும்மா, கிருமியெல்லாம் செத்துடும்" என்றேன். வாத்தியார் சொன்னால் மறுபேச்சு உண்டா? ஆவி பறக்கச் சூடு பண்ணிப் போட்டார்.

பத்து மணிக்கெல்லாம் வாந்தி ஆரம்பித்தது. 11 பிள்ளைகள், 2 பெரியவர்கள். ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்துச் சாயங்காலத்துக்குள் எல்லோரும் தேறிவிட்டார்கள், கடவுள் புண்ணியம். ஆனால் ஜனங்கள் என்ன பேசினார்கள் தெரியுமா? "ஆயா கை சுத்தமில்லை." நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அன்று யாரும் எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. ஆனால் பிற்பாடு படித்தபோது, அந்த அறிகுறியும் நேரமும் அப்படியே பொருந்தின. அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. சோறு வேகும்போதும் அதன் வித்து சாகாது. 5 முதல் 60 டிகிரி வரையான வெதுவெதுப்பில் சோறு மணிக்கணக்கில் கிடந்தால் வித்து முளைத்துப் பெருகி ஒரு நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. நான் செத்துவிடும் என்றது கிருமியை. வாந்தி எடுக்க வைத்தது அது விட்டுப்போன நஞ்சு.

எங்கள் அம்மா விருந்து முடிந்து மிஞ்சிய குழம்பைக் காலையும் மாலையும் தளதளவென்று கொதிக்க வைத்துச் சுண்டக்குழம்பு ஆக்குவார். புளியும் உப்பும் காரமும், விடாமல் போட்ட கொதியும் அதைக் காத்தன. அந்தப் பழக்கத்தைச் சோற்றுக்கும் பொருத்திப் பார்த்தது என் தவறு.

உறைய வைப்பதும் அப்படித்தான். குளிர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் தூங்கினது, என் குண்டானில் நடுவில் மெல்ல இளகும்போது எழுந்துகொள்ளும்.

மகள் செய்யும் முறையை எழுதுகிறேன். கூட்டத்துக்குச் சமைப்பவர்களுக்கு உதவும்.

சமைத்ததைப் பெரிய பாத்திரத்தில் ஆறவிடாமல், அகலமான தட்டுகளில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, சின்னச் சின்ன டப்பாவில் உறைய வைக்கிறாள். முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கிறாள், சமையல் மேடையில் அல்ல. சாப்பிடும் நேரத்துக்கு, ஒரு பந்திக்கு வேண்டியதை மட்டும் கிளறிக் கிளறி நடுப்பகுதியும் கொதிக்கும்வரை சூடாக்குகிறாள். நடுவில் 75 டிகிரி வர வேண்டுமாம். ஒருமுறை சூடாக்கியதை மறுபடி உறைய வைப்பதில்லை. மிஞ்சினால் கொட்டத்தான்.

அன்று அவள் என் குண்டானை மறுபடி அடுப்பில் ஏற்றி, கட்டியை உடைத்துக் கிளறி, எல்லாம் ஒன்றாகக் கொதித்த பிறகுதான் நகர்ந்தாள். முதல் பந்தியை உடனே உட்கார வைத்தோம்.

போன வாரம் அந்த ஆயாவைப் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். "அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. பழி உங்க மேல விழுந்தப்ப நான் பேசாம இருந்துட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "மறக்கல சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உக்காருங்க, மோர் கொண்டாரேன்" என்று உள்ளே போனார்.

அந்தப் பள்ளியில் அன்று இருந்த யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள். கொட்டச் சொன்னவர் ஆயா. சூடு பண்ணிப் போடச் சொன்னவன் நான்.