ஒன்றரைக் கோடி கோடி

எலான் மஸ்க்கின் சொத்து 50,000 கோடி டொலரைத் தொட்டுவிட்டது என்று 2025 ஒக்டோபரில் போர்ப்ஸ் சொன்னது. உலகத்தில் ஒருவரிடம் அவ்வளவு சொத்துச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. "மனுசன் எங்க போய் நிக்குது பார் மச்சான்" என்று பெடியள் அந்தச் செய்தியைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். சரி, 50,000 கோடி டொலர் எண்டா எவ்வளவு?

ஒரு டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் அது ஒன்றரைக் கோடி கோடி ரூபாய். கலைப்பீடத்தில் படிக்கிற எனக்கு அந்த எண் தலைக்குள் ஏறவில்லை. உருத்திரபுரத்தில் வளர்ந்ததால் எனக்குத் தெரிந்த அளவுகோல் நெல்தான். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு வைத்த விலை கிலோ 120 ரூபாய். இலங்கை முழுக்க ஒரு வருடத்தில் சுமார் 50 இலட்சம் தொன் நெல் விளைகிறது என்று எடுப்போம். எல்லாவற்றையும் விற்றால் 60,000 கோடி ரூபாய். மஸ்க்கின் சொத்துக்குச் சமமாக வர, முழு நாடும் 250 வருடம் விதைத்து, வெட்டி, விற்க வேண்டும். அதுவும் உரம், டீசல், கூலி எதையும் கழிக்காமல்.

இனி அரசாங்கத்தின் கணக்கு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மொத்தச் செலவு சுமார் 7,19,000 கோடி ரூபாய். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வீதி, குளம், சம்பளம் எல்லாம் அதற்குள்தான். மஸ்க்கின் சொத்து இந்த நாட்டை இருபது வருடத்துக்கு மேல் நடத்தக் காணும். இந்த 7,19,000 கோடியில் 2,95,000 கோடி வட்டி. அதாவது நூறு ரூபாயில் 41 ரூபாய், ஒரு பள்ளிக்கூடக் கூரையையும் தொடாமல் போகிறது.

"அது பங்குதானே, கையில இருக்கிற காசா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சொத்து என்பது ஒரு நாளின் விலை. அரசாங்கச் செலவு வருடா வருடம் வேண்டியது. இரண்டும் ஒன்றில்லை. ஆனால் தேவைப்பட்டால் அந்தப் பங்கு காசாகவும் மாறும். 2022 ஏப்ரலில் 5,100 கோடி டொலர் வெளிநாட்டுக் கடனோடு இலங்கை கையை விரித்தது. அதே ஒக்டோபரில் மஸ்க் 4,400 கோடி டொலருக்கு டுவிட்டரை வாங்கினார். அந்த வருடம் அவர் 2,000 கோடி டொலருக்கு மேல் டெஸ்லா பங்குகளை விற்றார். மிச்சத்துக்கு வங்கிகளும் மற்ற முதலீட்டாளர்களும் வந்தார்கள். எங்கட வீடுகளில் காஸ் இல்லாமல் விறகு பொறுக்கின வருடம் அது.

பிறகு 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் நான்கு வருடத்துக்கு 300 கோடி டொலர் தர ஒத்துக்கொண்டது. டெஸ்லா பங்கு ஒரே நாளில் சில வீதம் ஏறினாலே மஸ்க்குக்குக் கூடுகிற அளவுதான் அது. அதற்காக நாங்கள் வரிகளைக் கூட்டினோம். 2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. சவுக்காரம் வாங்கும் அம்மம்மாவும் கட்டுகிறா. மஸ்க் 2018இல் அமெரிக்க மத்திய அரசுக்கு வருமான வரியே கட்டவில்லை என்று புரோபப்ளிகா வெளிக்கொண்டு வந்தது. 2021இல் 1,100 கோடி டொலருக்கு மேல் கட்டுவதாக அவரே சொன்னார், அதையும் சொல்லத்தான் வேணும். பங்கின் விலை ஏறும்போது வரி இல்லை, விற்றால்தான். அம்மம்மாவின் சவுக்காரத்துக்கு அப்படிச் சலுகை இல்லை.

2024இல் ஜி-20 நாடுகளிடம் பொருளியலாளர் கப்ரியேல் சூக்மன் ஒரு யோசனை வைத்தார். உலகத்தில் இருக்கிற ஏறக்குறைய 3,000 பெரும் கோடீஸ்வரர்கள் வருடம் தங்கள் சொத்தில் இரண்டு வீதமாவது வரியாகக் கட்டட்டும் என்பதுதான் அது. மஸ்க்கின் பங்கு மட்டும் 1,000 கோடி டொலர். அந்தக் காசு இலங்கைக்கு வராது, அது எனக்கும் தெரியும்.

நான் முதலாம் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் படிப்புக்குக் கட்டணம் கட்டவில்லை. வயலுக்குத் தண்ணீர் இரணைமடுக் குளத்திலிருந்து வருகிறது. மகாபொல 2025இல் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. இவை எல்லாம் பொதுக் காசு. இதில் எதையாவது கூட்டிக் கேட்டால் "நாட்டில காசில்லை" என்கிறார்கள், மழை இல்லை என்று சொல்வதுபோல. "ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளையளுக்கு ஏன் இவ்வளவு செலவு?" என்று சொந்தக்காரரே கேட்கிறார்கள். மழை பெய்யாதது யாருடைய முடிவும் இல்லை. யாரிடம் வரி வாங்குவது, யாரை விடுவது என்பது மனிதர் எடுக்கிற முடிவு. காசில்லை எண்டு இனி ஆராவது சொன்னால், ஆரிட்ட இல்லை எண்டு ஒருக்காத் திருப்பிக் கேளுங்கோ.