இறங்கும்போது காலைப் பாருங்கள்

மலைநாட்டுக்குப் பயணம் போகிறவர்கள் குளிருக்குக் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்வார்கள். பசிக்குச் சோற்றுப் பொட்டலமும் மறவார்கள். தம்மைச் சுமந்து செல்லவிருக்கும் பாதங்களைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே.

ஊவாவின் தலைநகரான பதுளை, பதுளு ஓயா வளைந்தோடும் பள்ளத்தாக்கிலே, ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. கொழும்பிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1924 ஆம் ஆண்டில் இந்நகரை எட்டி, இதனையே தன் எல்லையாகக் கொண்டது. நகரின் தென்கிழக்கே 2,036 மீற்றர் உயர்ந்து நிற்கிறது நமுனுகுல மலை. ஒன்பது சிகரங்கள் என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். வடக்கே துன்ஹிந்த நீர்வீழ்ச்சி 64 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்து புகையெனச் சிதறுகிறது.

மாணவர் சிலருடன் நாம் இவ்விடங்களைக் கண்டுவந்தோம். துன்ஹிந்தவுக்கு வீதியிலிருந்து இறங்கிச் செல்லும் காட்டுப்பாதையிலே படிகளும் கற்களும் ஈரத்தால் வழுக்கும். நமுனுகுலச் சரிவுகளிலோ இடர் வேறுவகை. தேயிலை நிரைகளுக்கிடையே மழைநீர் வடிய வெட்டிய கான்கள் புல்லால் மூடிக் கிடக்கும். கவாத்து வெட்டிய மலையில் கூரிய குச்சிகள் காலைக் கிழிக்கும்.

ஏறுவதைவிட இறங்குவதிலேதான் கணுக்காலுக்கு ஆபத்து மிகுதி. இறங்கும்போது பாதம் முன்னோக்கிச் சரிகிறது. மூட்டில் எலும்புகளின் பிடிப்புத் தளர்கிறது. அவ்வேளை ஒரு கல் புரண்டு பாதம் உட்புறமாக மடிந்தால், மூட்டின் வெளிப்புறத்து நார்கள் இழுபட்டுக் கிழிகின்றன. இதனையே சுளுக்கு என்கிறோம்.

எம் மாணவர்கள் சரிவிலே ஓடி இறங்கக் கண்ட முதிய கொழுந்துக்காரி ஒருத்தி, "தம்பிமாரே, ஏறும்போது மூச்சைப் பாருங்க; இறங்கும்போது காலைப் பாருங்க" என்றாள். அவள் இறங்கிய விதமே ஒரு பாடம். முதுகிலே கூடை, முழங்கால் சற்றே மடிந்திருக்கும், அடிகள் குறுகியவை. பாதம் நிலத்தைத் தொட்டுச் சோதித்த பின்னரே உடற்பாரம் அதன்மேல் இறங்கும்.

மலைநடைக்குச் செல்வோர் சில நாள் முன்னரே ஆயத்தமாதல் நன்று. பல் துலக்கும் வேளையில் ஒற்றைக்காலில் நின்று பழகினாற்கூடக் கணுக்கால் உறுதி பெறும். ஒருமுறை சுளுக்கிய கால் மீண்டும் சுளுக்க வாய்ப்பு அதிகமாதலால், அத்தகையோருக்கு இப்பயிற்சி இன்றியமையாதது. பாட்டாச் செருப்பைத் தவிர்த்து, அடியிலே பள்ளங்கள் கொண்ட சப்பாத்தை அணிக. புதுச் சப்பாத்தாயின் வீட்டிலேயே சில நாள் அணிந்து பழகுக. இறங்குமுன் கயிற்றை இறுகக் கட்டுக. இன்றேல் விரல்கள் முன்னே மோதி நகங்கள் கறுக்கும். கையில் ஒரு தடி இருக்கட்டும். இருளுமுன் திரும்பிவிடுக.

சுளுக்கிவிட்டாலோ, உடனே எண்ணெய் தடவி உருவுவது நம்மவர் வழக்கம். முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு உருவுதலும் சூட்டு ஒத்தடமும் வீக்கத்தை மிகுவிக்கும். காலுக்கு ஓய்வு தந்து, குளிர்நீர்த் துணியால் ஒற்றி, அளவாகக் கட்டி, உயர்த்தி வைப்பதே முறை. நான்கு அடி நடக்க இயலாவிடின், அல்லது கணுவெலும்பைத் தொட்டால் நொந்தால், எலும்பு முறிந்திருக்கக்கூடும். வைத்தியசாலைக்குச் செல்லத் தாமதியாதீர்.

நமக்குக் கால் சுளுக்கினால் ஒரு விடுமுறை கெடும். கொழுந்து பறிக்கும் தாய்க்கோ 'பேர்' கெடும். நாட்கூலிக் கணக்கைத் தோட்டத்திலே அவ்வாறுதான் சொல்வர். நிறை குறைந்தால் அரைப் பேர். மலைக்குப் போகாவிடின் அதுவும் இல்லை. நாம் கண்ட பெண்களிற் பலர் வெறுங்காலுடனோ தேய்ந்த செருப்புடனோதான் அச்சரிவிலே நின்றனர். நம் ஒருநாள் நடைக்கு வேண்டுமென்று நாம் கருதும் நல்ல சப்பாத்து, ஆண்டு முழுவதும் அங்கே நடக்கும் அக்கால்களுக்கு வேண்டாமா? தேநீர் அருந்தும் குடும்பங்கள் இதனையும் சற்றே சிந்திக்கலாம்.