பன்னிரண்டாவது பெயர்

திண்டிவனம் என்பது திந்திரிணி வனம் என்பதன் மரூஉ என்றும், திந்திரிணி என்பது புளியமரத்துக்கு வடமொழியில் வழங்கும் பெயர் என்றும் அவ்வூர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வனம் மறைந்து எத்தனையோ தலைமுறைகள் ஆகிவிட்டன என்றாலும், நான் தேடிச் சென்ற அரசினர் பள்ளியின் பின்புறத்தில், கூடைப்பந்து மைதானத்தின் மேற்கு ஓரமாக, இரண்டு முதிய புளியமரங்கள் இன்னும் நிற்கின்றன. ஆனி மாதத்து வெயில் நாலரை மணிக்கு மேல் சற்றே சாய்ந்து, அம்மரங்களின் நிழல் மைதானத்தின் ஒரு பாதியை மூடும்போதுதான் அங்கே பயிற்சி ஆரம்பமாகிறது. நிழல் நகர நகரப் பயிற்சியும் அதனோடு நகர்கிறது.

நெசவையும் சூளையையும் அவற்றில் உழைப்பவர்களின் அருகில் உட்கார்ந்து பார்ப்பது என் நெடுநாள் வழக்கம். அதே சிரத்தையோடு, ஒரு பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் குழு வருகிற பருவத்துக்காக எப்படி உருவாக்கப்படுகிறது என்பதையும், அதன் வெற்றிக்கு எவ்வளவு தூரம் இடமிருக்கிறது என்பதையும் நேரில் கண்டறிய விரும்பியே அங்கே போனேன். பந்தாட்டமும் ஒரு கைத்தொழிலா என்று கேட்பவர்கள், அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் காலை ஆறு மணிக்குச் செய்யும் வேலையை ஒருநாள் பார்க்க வேண்டும். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள அந்த மண் தளத்தின்மீது பூவாளியால் நீர் தெளித்து, ஈரம் முழுதும் காய்ந்துவிடாத பதத்தில் திமிசுக் கட்டையால் தட்டி, கயிறு பிடித்துச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு முடிப்பதற்குள் அவருடைய சட்டை நனைந்துவிடுகிறது.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் இந்த மைதானமும் முழங்கால் ஆழத்தில் கிடந்ததாம். நீர் வடிந்த பிறகு நின்றது வண்டலும், ஒருபுறம் சாய்ந்துபோன இரும்புக் கம்பமும்தான். ஆசிரியரும் மாணவர்களுமாக வண்டலை வாரி அப்புறப்படுத்தி, செம்மண் கொட்டி மறுபடியும் தட்டிச் சமன்படுத்தியிருக்கிறார்கள். ஆயினும், வடக்கு வளையத்துக்கு இடப்புறமாக ஒரு முழ அகலத்துக்கு நிலம் இன்னும் இறுகவில்லை. “அங்க பந்து செத்துடும் சார்” என்று ஒரு பையன் என்னை அழைத்துப் போய்க் காட்டினான், பந்தைத் தட்டினான், அது முழங்காலுக்குக்கூட எழாமல் துவண்டுபோயிற்று. எதிர்த்து ஆடுபவனை அந்த இடத்துக்கு ஓட்டிச் சென்று, அவன் கையிலிருந்து பந்து நழுவும் நொடியில் பறித்துக்கொள்ளும் வித்தையை இவர்கள் நன்றாகவே பழகி வைத்திருக்கிறார்கள்.

மண் தளத்தில் ஆடுவது இந்த ஆட்டத்துக்கு இழுக்கானது அன்று. 1891-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் பனிக்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆடுவதற்காக இதைக் கற்பித்தார் என்பது மெய்தான். ஆனால், 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாக இடம்பெற்றபோது, அந்த முதியவரின் கண்ணெதிரே அது ஆடப்பட்டது திறந்தவெளி மண் தளத்தில். இறுதி ஆட்டத்தன்று மழை பிடித்துக்கொள்ள, சேற்றில் பந்து எழும்பாமல், அமெரிக்கா 19–8 என்ற கணக்கில் கனடாவை வென்றது. சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் தொடங்கிய வை.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியில் பயின்று வெளிவந்த ஆசிரியர்கள், சிற்றூர்ப் பள்ளிகளில் இரண்டு கம்பங்களை நட்டு இந்த ஆட்டத்தைப் பரப்பியதும் பெரும்பாலும் வெறும் மண்ணின்மீதுதானே!

பள்ளியில் ஐந்து பந்துகள் இருக்கின்றன. நம் நாட்டில் பந்துத் தொழிலுக்குப் பேர்போன நகரம் ஜலந்தர். 1947-இல் தேசம் பிரிந்தபோது சியால்கோட்டிலிருந்து குடிபெயர்ந்த தொழிலாளர்கள் அங்கே வேரூன்றச் செய்த தொழில் அது. அங்கிருந்து வந்த பந்துகளில் மூன்று, மண்ணில் தேய்ந்து தேய்ந்து மேல்தோலின் பொடிப்புள்ளிகள் எல்லாம் மழமழத்துப்போனவை. “கிரிப் போயிடுச்சு” என்று பையன்கள் சொல்கிறார்கள். மிஞ்சிய இரண்டில் ஒன்றைப் போட்டி நாளுக்கென்று துணிப்பையில் சுற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார் ஆசிரியர். வாரத்துக்கு ஒருமுறை அதை எடுத்து, தலை உயரத்திலிருந்து கீழே விட்டு, இடுப்புக்கு மேல் எழுகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடியும் பூட்டிவிடுகிறார்.

சென்ற ஆண்டு இந்தக் குழு மாவட்ட இறுதி ஆட்டம் வரைக்கும் முன்னேறியது. அதற்குக் காரணமாயிருந்தவன் ஆறடியைத் தாண்டி வளர்ந்த ஒரு பையன். வளையத்தின் கீழே அவன் கையைத் தூக்கி நின்றுவிட்டால் மற்றவர்களுக்கு வழியில்லை. இந்த ஆண்டு அவன் இல்லை. கோடை விடுமுறையில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தபோது அவன் தேர்வு பெற்றுப் போய்விட்டான். அவனைத் தேர்வுக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவரே இந்த ஆசிரியர்தான் என்று தெரிந்தபோது நான் வியப்பை மறைக்கவில்லை. அவர் சுண்ணாம்புக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அவன் அப்பா கல்குவாரில வேலை பாக்குறாரு சார். அங்க போனா சாப்பாடு, ஷூ, படிப்பு எல்லாத்தையும் அரசாங்கம் பாத்துக்கும். நான் அவன இங்கயே புடிச்சு வச்சிருந்தா ஜில்லா கப்பு எனக்கு வரும். அவனுக்கு என்ன வரும், சொல்லுங்க?”

தன் கையாலேயே தன் குழுவின் முதுகெலும்பைப் பிரித்து அனுப்பிவிட்டு, மறுநாள் காலையிலேயே மிஞ்சிய பதின்மூன்று பேரை வைத்து வேறோர் ஆட்டத்தைக் கட்டத் தொடங்கிய அந்த மனிதரிடம் எனக்கு உண்டான மரியாதையைச் சாதாரண வார்த்தைகளால் சொல்ல இயலவில்லை.

உயரம் போனபின் மிஞ்சுவது கால்தான் என்பது அவருடைய சித்தாந்தம். ஆகையால், பயிற்சியின் முதல் அரை மணி நேரத்துக்குப் பந்தைத் தட்டுவதற்கே அனுமதியில்லை. ஐந்துக்கு ஐந்தாகப் பிரிந்து நின்று, பந்தைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தே எதிர் வளையம் வரை போகவேண்டும். தரையில் ஒருமுறை தட்டினாலும் பந்து எதிராளிக்குப் போய்விடும். முதலில் இது குழந்தை விளையாட்டுப் போலத் தோன்றிற்று. பத்து நிமிஷம் கழிந்த பிறகுதான், பந்து இல்லாத நால்வரும் ஒரு கணமேனும் சும்மா நில்லாமல், ஒருவன் விட்ட இடத்தில் மற்றவன் நுழைந்து, நுழைந்த இடத்தை அடுத்தவனுக்காகக் காலிசெய்துகொண்டே இருப்பதைக் கண்டேன். “நின்னா மரம்டா! நிக்காத!” என்ற ஆசிரியரின் குரல் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. எதிராளி பந்தை எடுத்த உடனே மைதானம் முழுவதும் விரட்டி மறிக்கும் ஆட்டமும் அவர்களுக்குக் கைவந்திருக்கிறது. ஆனால், அதில் ஓர் ஆபத்து உண்டு. விரட்டுகிறவன் கையை நீட்டுகிறான். கை பட்டால் ஃபவுல். ஒரு பையன் ஐந்து ஃபவுல் செய்தால் வெளியே போகவேண்டும். பதின்மூன்று பேரில் நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் ஏழு பேர்தான் என்கிறபோது, கடைசிக் கால்பகுதியில் களத்தில் யார் இருப்பார்கள் என்பது பெரிய கேள்வியாகிவிடுகிறது.

அந்த ஏழு பேரில் சேராத ஒருவனைப் பற்றிச் சொல்லவேண்டும். மரக்காணத்துக்கு அப்பால் ஒரு மீனவர் குப்பத்திலிருந்து வந்து, மாணவர் விடுதியில் தங்கிப் படிக்கும் பையன் அவன். பதினோராம் வகுப்பு, குழுவிலேயே குள்ளம். நான் போன இரண்டாம் நாள், புளியமரத்து வேரில் உட்கார்ந்து வளையத்துக்கு வலை பின்னிக்கொண்டிருந்தான். கடையில் வாங்கிய வலை இரண்டு மாதத்தில் வெயிலில் இற்றுப்போகிறது என்று, ஊரிலிருந்து அப்பாவின் நைலான் நூலும் வலை பின்னும் ஊசியும் கொண்டுவந்திருக்கிறான். மூங்கில் பட்டை ஒன்றை அளவாக வைத்துக்கொண்டு, நூலைச் சுற்றி, ஊசியை நுழைத்து, முடிச்சைக் கட்டைவிரலால் அழுத்தி இழுக்கும் அந்த மூன்று அசைவுகளும் ஒன்றாகவே தோன்றும்படி அவ்வளவு லாகவமாக இருந்தது அவன் கை. வளையத்தின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர். அதில் பன்னிரண்டு கொக்கிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்.

“கண்ணு பெருசா போச்சுன்னா பந்து பட்டுனு விழுந்துடும் சார். சின்னதா போச்சுன்னா மாட்டிக்கும். கொஞ்சமா புடிச்சு வுடணும்” என்றான்.

நைஸ்மித் முதன்முதலில் தொங்கவிட்டவை அடிப்பாகம் மூடிய பழக்கூடைகள். பந்து விழும்போதெல்லாம் ஏணி வைத்து ஏறி எடுத்தார்களாம். அங்கிருந்து இந்த வலைக்கு வந்து சேர்ந்த வரலாறு அந்தப் பையனுக்குத் தெரியாது. ஆனால், பந்தைக் கணப்பொழுது பிடித்துவிட வேண்டும் என்ற அந்த நுட்பம் அவன் விரலில் இருந்தது. சாயங்காலம் அவனே ஏணியில் ஏறி வலையை மாட்டினான். பக்கத்துப் பாதியில் பயிற்சி செய்துகொண்டிருந்த மாணவிகள், தங்கள் வளையத்துக்கும் ஒன்று வேண்டும் என்று அப்போதே சொல்லிவைத்துவிட்டார்கள். இந்தியப் பெண்கள் குழுவின் தலைவியாயிருந்து, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சென்னை அனிதா பால்துரையின் படத்தைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துத் தம் நோட்டில் ஒட்டி வைத்திருக்கும் பெண்கள் அவர்கள். அவர்களுடைய குழுவைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும்.

பயிற்சியின் முடிவில், மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடிய களைப்போடு, ஒவ்வொருவனும் ஃப்ரீ த்ரோ பத்து எறிய வேண்டும். பலகையிலிருந்து 4.6 மீட்டர், எதிரில் மறிப்பவர் இல்லை, வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் அசையாமல் இருக்கிறது. இதைவிடச் சுலபம் எது என்று தோன்றும். மூச்சு இரைக்கும்போது எறிகிறவனுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். பதின்மூன்று பேரும் எறிந்த 130-இல் உள்ளே விழுந்தவை 74 என்று நான் எண்ணினேன். தலைக்கு ஏழாவது வேண்டும் என்பது ஆசிரியரின் கணக்கு. மிக அதிகமாக எட்டு போட்டவன் வலை பின்னிய பையன். மிகக் குறைவாக இரண்டு போட்டவன், அந்த மாதம்தான் குழுவில் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். இப்போதே ஆறடியை எட்டிக்கொண்டிருக்கிறான். ஓடத் தெரியவில்லை, பந்தைப் பிடிக்கவும் தெரியவில்லை, ஆனால் சொன்னதைச் சொன்னபடி நூறு தடவை செய்கிறான். பிறகு எல்லாரும் நிழலில் வட்டமாக உட்கார்ந்து, ஆசிரியர் வாங்கி வந்த அவித்த மல்லாட்டையை உரித்துத் தின்றார்கள்.

ஆடி பிறந்த ஒரு சனிக்கிழமை, குழுவோடு நானும் விழுப்புரத்துக்கு ரயில் ஏறினேன். போட்டிகள் நடக்கப்போவது சிமெண்டுத் தளத்தில் என்பதால், அங்கே தெரிந்தவர் ஒருவரிடம் அனுமதி பெற்று, ஒரு நாளாவது அத்தகைய தளத்தில் பழக்கிவிட வேண்டும் என்பது ஆசிரியரின் எண்ணம். ஐந்து திசைக்கும் தண்டவாளம் பிரியும் அந்தச் சந்திப்பில் இறங்கி, வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தோம். முதல் கால்மணி நேரம் பார்க்கச் சகிக்கவில்லை. மண்ணில் இடுப்பளவு எழும் பந்து சிமெண்டில் மார்பளவு எழுந்தது; கையைத் தாண்டிப் போயிற்று; கொடுத்த பந்தெல்லாம் கோட்டுக்கு வெளியே ஓடிற்று; பந்து சாகும் இடம் ஒன்றுகூட அங்கே இல்லை. ஷூ இல்லாத இருவர் சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. பந்தைத் தட்டக்கூடாது என்ற அந்தப் பழைய ஆட்டத்தை மறுபடியும் ஆரம்பித்தார். கையிலிருந்து கைக்குப் போகிற பந்துக்குத் தளம் எதுவாயிருந்தால் என்ன? அரை மணிக்குள் பையன்கள் தங்கள் ஓட்டத்தைக் கண்டுகொண்டார்கள். அங்கே வந்திருந்த உள்ளூர் இளைஞர்களோடு ஆடிய ஆட்டத்தில் ஆறு புள்ளியில் தோற்றார்கள். ஃப்ரீ த்ரோவில் விட்டவை மட்டும் ஒன்பது.

என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன். குறுவட்டப் போட்டியில் இவர்கள் வெல்வார்கள். மாவட்டப் போட்டியில், அந்த ஒன்பதை நாலாகக் குறைத்துக்கொண்டால், உயரமான குழுக்களையும் ஓடவைத்தே களைக்கச் செய்து இறுதி வரை போவார்கள். அதற்கப்பால், மரத்தளத்தில் ஆடிப் பழகிய பெருநகரத்துப் பிள்ளைகளின் முன்னே இந்த ஆண்டு நிற்பது கடினம்.

திரும்பும்போது தாம்பரம் பாசஞ்சரில் பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உறங்கிவிட்டார்கள். முண்டியம்பாக்கம் தாண்டியதும் ஆசிரியர் நுழைவுப் படிவத்தை முழங்காலில் வைத்துப் பெயர் எழுதலானார். குழுவுக்குப் பன்னிரண்டு பேர்தான். பதினொரு பெயரை நிறுத்தாமல் எழுதியவர், பன்னிரண்டாவது வரியில் பேனாவை வைத்து எடுத்துவிட்டார். மிஞ்சியிருந்தவர்கள் மீனவர் குப்பத்துப் பையனும் ஒன்பதாம் வகுப்பு நெட்டையனும்.

“அவனுக்கு இதான் கடைசி வருஷம் மாதிரி சார். அடுத்த வருஷம் பப்ளிக் எக்ஸாம்னு வீட்ல வுட மாட்டாங்க. இவன இப்ப களத்துல எறக்கிவுட்டா ரெண்டு வருஷத்துல ஆளாயிடுவான்” என்றார். “நீங்க சொல்லுங்களேன்.”

கடைசிக் கால்பகுதியில் ஃப்ரீ த்ரோ போட ஒரு கை வேண்டும், வலை பின்னியவனையே எழுதுங்கள் என்றேன். அவர் தலையசைத்தார், எழுதவில்லை. விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நிலையங்கள் கடந்தன. திண்டிவனத்தில் வண்டி நின்றதும் பையன்களைத் தட்டி எழுப்பி, படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அந்தப் பையின் மறுபக்கக் காதைப் பிடித்துக்கொண்டு உறக்கக் கலக்கத்தோடு பின்னால் நடந்தவன் அந்த நெட்டையன். மற்றவன் முன்னால் ஓடிப்போய் எல்லாருக்குமாகத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவைத்தான்.