தெளிந்த நீரின் பசி

தெளிந்த நீரே வளமான நீரென்று நாம் வகுப்பறையிற் பலகாலம் கற்பித்தோம். வட அமெரிக்க ஏரிகளின் கதை எமது பாடத்தைத் திருத்திற்று.

அங்கே சென் கிளயர் ஏரியில் 1988ஆம் ஆண்டு வரிக்குதிரை மட்டி கண்டறியப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்குக் கப்பல்கள், நிலைகுலையாதிருக்கச் சுமந்த நீரை ஏரியிற் கொட்டியபோது அதுவும் வந்திறங்கியது. விரல்நுனியளவான ஒரு மட்டி நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 லீற்றர் நீரை வடித்து, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்கிறது. கோடிக்கணக்கான மட்டிகள் வடித்தபின் நீர் பளிங்காகிறது. மீன்குஞ்சுக்கோ இரை அருகுகிறது. மட்டி பின்னர் பரவிய மினசோட்டா ஏரிகளில், வோல்ஐ, மஞ்சட் பேர்ச் மீன்களின் குஞ்சுகள் முதலாண்டில் மெதுவாகவே வளர்கின்றன. சிறுத்த குஞ்சு குளிர்காலத்தைத் தாண்டுவது கடினம்.

இலாபம் கப்பல் முதலாளிக்கு. நட்டம் ஏரிக்கரை மீனவனுக்கு. இனி மாணவருக்கு நீரின் தெளிவைக் காட்டுமுன், அதில் உண்டவர் யார், பசித்தவர் யார் என்று கேட்கக் கற்பிப்போம்.